இருட்டிய பிறகு உட்கார ஒரு தோட்டம், யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். வீடு பாலக்கோட்டில். வேலை முடிந்து வரவே எட்டு மணி ஆகிவிடுகிறது, அதனால் ராத்திரியில் ரசிக்கிற மாதிரி வாசல் தோட்டத்தை மாற்ற ஆசை. செம்மண், போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு.

பவளமல்லியும் அந்திமந்தாரையும் இருக்கின்றன. நிலா வெளிச்சத்தில் வெள்ளைப் பூதான் எடுப்பாகத் தெரியும் என்பதால் நந்தியாவட்டை வைக்கப் போகிறேன். இரவு ராணி வைத்தால் பாம்பு வரும் என்று மாமியார் ஒரே பிடிவாதம். (பாம்பு எலிக்கும் தவளைக்கும்தான் வரும், வாசனைக்கு இல்லை என்றால் கேட்டால்தானே!) அதன் வாசனை தலைவலி தருமாமே, சன்னலிலிருந்து எத்தனை அடி தள்ளி வைக்கலாம்?

அப்புறம் விளக்கு. வெள்ளை எல்இடி போட்டேன், பூச்சி மொய்த்துத் தட்டில் விழுகிறது. மஞ்சள் விளக்கில் குறைகிறதா, போட்டவர்கள் சொல்லுங்கள்.

பிரம்மகமலம் இந்தத் தண்ணீருக்குத் தாங்குமா? பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் ஒரு இலை போதும், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.