கத்தி தீட்டக் கோணம் பிடிக்கும் கருவி வாங்கலாமா, வெறுங்கல் போதுமா?

அடுக்களை அரசி:
வீட்டில் இரண்டு கத்திகள் இருக்கின்றன. ஒன்று எட்டு அங்குல சுவிஸ் சமையல் கத்தி. அன்றாடக் காய்கறி முழுவதும் அதில்தான். இன்னொன்று தம்பி ஜப்பானில் சக்காய் நகரிலிருந்து வாங்கி வந்த கியூட்டோ என்ற ஜப்பானியச் சமையல் கத்தி, விஜி-10 எஃகு. இரண்டுமே இப்போது தக்காளித் தோலில் வழுக்குகின்றன. தெருவில் சாணை பிடிக்க வந்தவரிடம் பழைய கத்தி ஒன்றைக் கொடுத்தேன். அன்று நன்றாக வெட்டியது, அடுத்த வாரமே மழுங்கிவிட்டது. ஜப்பான் கத்தியை அப்படிக் கொடுக்க மனம் வரவில்லை.

கத்தியை இடுக்கியில் பிடித்துவைத்து, கம்பியில் மாட்டிய கல்லைக் குறிப்பிட்ட கோணத்தில் தேய்க்கும் கருவிகள் விற்கின்றன. நல்ல கல்லின் விலையைப் போலப் பல மடங்கு கேட்கிறார்கள். வாங்கலாமா?

மரப்பட்டறை:
வேண்டாம் அக்கா. நாள் முழுவதும் உளியும் இழைப்புளியும் தீட்டுகிறவன் சொல்கிறேன். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக இருக்கும் கார்போரண்டம் கல் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். அதோடு 1000 எண் தண்ணீர்க்கல் ஒன்று இருந்தால் வீட்டுக்குப் போதும்.

கோணம், கோணம் என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அலகு 45 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்தியை 15 பாகையில் தீட்ட, அதன் முதுகு கல்லிலிருந்து 11.6 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். 20 பாகை என்றால் 15.4. ஏறக்குறைய ஒரு விரல் பருமன்தான். அந்த உயரத்தை இரண்டு மாதத்தில் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். கருவி வாங்கினால் காலம் முழுவதும் கருவியையே நம்பியிருக்க வேண்டும்.

பாகைமானி:
//கை தானாகப் பிடித்துக்கொள்ளும்//

உங்கள் கை பிடிக்கும். தினமும் உளி தீட்டும் கை அது. வீட்டில் சமைக்கிறவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கல்லை எடுப்பார். அவர் கைக்கு எந்தப் பழக்கம் நிற்கும்?

நீங்கள் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 45 மில்லிமீட்டர் அலகில் முதுகு ஒரு மில்லிமீட்டர் ஏறினால் கோணம் 1.3 பாகை மாறுகிறது. புதிதாகத் தீட்டுகிறவரின் கை மூன்று மில்லிமீட்டர் ஏறி இறங்குவது சாதாரணம். அது நான்கு பாகை. தாழ்ந்த இழுப்பில் கல் கத்தியின் வாயைத் தொடாமல், வாய்க்கான சரிவு தொடங்கும் மேல்விளிம்பான தோளை மட்டும் தேய்க்கிறது. உயர்ந்த இழுப்பில் அப்போதுதான் உருவான வாயை மழுக்கிவிடுகிறது. அரை மணி நேரம் உழைத்தும் கத்தி வெட்டவில்லை என்று கல்லைப் பரணில் போட்டுவிடுகிறவர்கள் இதனால்தான் அத்தனை பேர்.

நான் கோவையில் இயந்திரப் பட்டறையில் வேலை செய்கிறேன். நூறு உருப்படியில் ஒரே இடத்தில் துளை வேண்டுமென்றால் ஜிக் எனும் வழிகாட்டிச் சட்டம் வைத்துத்தான் போடுவோம். அதை யாரும் திறமைக் குறைவாக நினைப்பதில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒவ்வொரு முறையும் கோணம் மாறினால் ஒவ்வொரு முறையும் பட்டையை, அதாவது வாயோரச் சரிவை, புதிதாகத் தேய்த்து உருவாக்க வேண்டும். எஃகு வீணாகக் கரையும். கோணம் அப்படியே திரும்பக் கிடைத்தால் வாயில் மிகச் சிறிதளவு எடுத்தாலே போதும். கத்தியின் ஆயுள் கூடும்.

மரப்பட்டறை:
திரும்பக் கிடைக்கும் என்கிறீர்கள். முதலில் அந்தக் கருவியில் போட்டிருக்கும் எண்ணே உண்மையா என்று பாருங்கள். லான்ஸ்கி போன்ற இடுக்கிக் கருவிகளில் 17, 20, 25, 30 என்று நான்கு துளைகள் இருக்கும். கம்பியை 20-இல் விட்டால் 20 பாகை என்று வாங்குகிறவர் நம்புகிறார். ஆனால் அந்த எண் அலகு ஒரு குறிப்பிட்ட தூரம் வெளியே நீட்டியிருந்தால்தான் சரி. துளைக்கும் கத்தியின் வாய்க்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருக்கும்போது 20 பாகை வருகிறது என்று வையுங்கள். அகலமான சமையல் கத்தியை மாட்டி அது 12 சென்டிமீட்டராகிவிட்டால் கோணம் 17-க்கு இறங்கிவிடும். பேனாக்கத்தியை மாட்டினால் ஏறும். எண்ணைப் பார்த்து ஏமாறுவதைவிடக் கையை நம்புவது மேல்.

எட்டு அங்குலக் கத்தியை நடுவில் பிடித்தால் நுனிக்குப் போகப் போகக் கோணம் மாறிக்கொண்டே போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாகைமானி:
முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். துளையின் எண் ஓர் அடையாளம்தான். ஆனால் 17-ஓ 18-ஓ, அதே கத்தியை அதே இடத்தில் அதே துளையில் மாட்டினால் அடுத்த முறையும் அதுவேதான் வரும். எனக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாம் பாதி அப்படியே சரியில்லை. வாய் நேர்கோடாக இருக்கும் பகுதியில், கல் கம்பியோடு தாராளமாகப் புரளும்படி இருந்தால், கோணம் மாறவே மாறாது. ஒரு நேர்கோடும் அதற்கு வெளியே ஒரு புள்ளியும் இருந்தால் அவற்றின் வழியாக ஒரே ஒரு தளம்தான் போகும். கம்பி நுழையும் துளைதான் அந்தப் புள்ளி, கத்தியின் வாய்தான் அந்தக் கோடு. எனவே அடியில் தேய்த்தாலும் நடுவில் தேய்த்தாலும் கல் அதே தளத்தில்தான் படியும். மாறுவது வாய் வளைந்து நுனிக்கு ஏறும் இடத்தில் மட்டும். எவ்வளவு மாறும் என்பது இடுக்கியை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அதைத் தெரிந்துகொள்ளக் கணக்கே வேண்டாம். அழியாத மார்க்கர் பேனாவால் பட்டை முழுவதும் மையைத் தடவுங்கள். நைசான கல்லால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மை வாயோரம் அப்படியே இருந்து தோளில் மட்டும் அழிந்திருந்தால் கோணம் தாழ்வு. வாயோரம் மட்டும் அழிந்திருந்தால் கோணம் உயர்வு. அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக அழிந்தால் இடுக்கி சரியான இடத்தில் இருக்கிறது.

தாளிப்பு:
உணவகச் சமையலறையில் இருக்கிறேன். இருவரும் கோணத்திலேயே நிற்கிறீர்கள். என்னிடம் வரும் புதுப் பையன்கள் தீட்டிய கத்தி வெட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் கோணம் காரணமே இல்லை. பிசிறு எழும்வரை தேய்ப்பதில்லை. அல்லது எழுந்த பிசிறை எடுப்பதில்லை.

அரசி அக்கா, எந்தக் கருவி வாங்கினாலும் இதை மட்டும் கவனியுங்கள். ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க, உலோகம் வாயைத் தாண்டி மறுபக்கம் மெல்லிய இழையாக மடங்கும். அதுதான் பிசிறு. கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகக் குறுக்கே வழித்துப் பாருங்கள். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் வழிக்காதீர்கள். மறுபக்கத்தில் விரல் நுனியில் ஏதோ இடறும். அடியில் இடறி, நடுவில் இடறி, நுனியில் இடறாவிட்டால் நுனியில் வேலை முடியவில்லை என்று அர்த்தம். முழு நீளத்துக்கும் இடறிய பிறகுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். அங்கேயும் முழு நீளத்துக்கு எழ வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த கல். முதல் கல்லில் பிசிறு எழாமல் நைசுக்கல்லுக்குத் தாவினால், மழுங்கிய வாயைப் பளபளப்பாக்குகிறீர்கள், அவ்வளவுதான்.

கடைசியில் அழுத்தத்தைக் குறையுங்கள். கல்லின் எடை மட்டும் படுகிற அளவுக்கு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி இழுத்தால் பிசிறு தேய்ந்து விழும். பிறகு பழைய தோல் பெல்ட்டில் வாயைப் பின்னோக்கி இழுங்கள். பிசிறோடு விட்ட கத்தி முதல் நாள் பிரமாதமாக வெட்டும். அந்த இழை மடங்கிய நாளில் மொக்கையாகிவிடும். உங்கள் பழைய கத்தி ஒரே வாரத்தில் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஒரு கேள்வி: காயை எதன்மேல் வெட்டுகிறீர்கள்? கிரானைட் மேடையிலோ கண்ணாடிப் பலகையிலோ என்றால் எந்தக் கல்லும் உங்களைக் காப்பாற்றாது. மரப்பலகை வாங்குங்கள்.

தெற்குவாசல்:
தெருவில் வருகிற சாணைக்காரரைப் பற்றி இப்படி எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அரிவாள்மனை இருக்கிறது, தேங்காய் வெட்டும் அரிவாள் இருக்கிறது. வளைந்த அலகு, மனையோடு சேர்த்து அடித்தது. இதை எந்த இடுக்கியில் மாட்டுவீர்கள்? விளிம்பில் பல் விழுந்த அரிவாளை வீட்டுக் கல்லில் சரிசெய்ய ஒரு நாள் போதாது. சக்கரத்தில் அவர் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கிறார்.

பாகைமானி:
அரிவாளுக்கு அவர்தான் சரியான ஆள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. மெல்லிய சமையல் கத்திக்குத்தான் வேண்டாம் என்கிறேன். காரணம் சூடு. வாயோரத்தில் எஃகு காகிதத்தைவிட மெல்லியது. உலர்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் அந்த இடம் நொடியில் காய்ந்துவிடும். இந்த வகைக் கத்திகளை உலையில் போட்டுக் கடினமாக்கிய பிறகு 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பதப்படுத்தியிருப்பார்கள். வாய் அதற்கு மேல் சூடேறினால் பதம் இறங்கி எஃகு மிருதுவாகிவிடும். நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடம் அந்தச் சூட்டை வெகுவாகத் தாண்டிவிட்டது என்று பொருள். மிதிசக்கரமும் மோட்டார் சக்கரமும் ஒன்றல்ல. மிதிசக்கரத்தில் மெதுவாக, அடிக்கடி தண்ணீரில் தோய்த்துப் பிடிக்கிறவரிடம் பயம் குறைவு.

மரப்பட்டறை:
தெற்குவாசல் சொன்ன அரிவாள்மனைக்கு ஒரு வார்த்தை. பல் விழாமல் வெறுமனே மழுங்கியிருந்தால் சாணைக்காரருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மனையை அசையாமல் வைத்துக்கொண்டு, கைக்கு அடக்கமான கல்துண்டை நனைத்து, அலகின் வளைவைப் பின்பற்றி வாயோரமாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். கல் பிடித்த விரல்கள் விளிம்புக்குக் கீழேயே இருக்கட்டும்.

பாகைமானி, உங்கள் வாதத்தில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கருவியை எடுத்து, இடுக்கியில் மாட்டி, முறுக்கி, கம்பிகளைக் கோத்து, முடிந்ததும் துடைத்து வைக்கக் கால் மணி நேரமாவது போகும். கல் என்றால் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடத்தில் வாயைப் புதுப்பித்துவிட்டுக் குழம்புக்குப் போய்விடலாம். எடுப்பது சிரமம் என்றால் எடுக்கவே மாட்டார்கள். அலமாரியில் தூங்கும் கருவிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாகைமானி:
அது நியாயமான கேள்வி. சுவிஸ் கத்திக்கு என் பதில், இடையிடையே கருவியை எடுக்கவே தேவையில்லை என்பதுதான். அந்த எஃகு, கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 55, 56 இருக்கும். மிருதுவானது என்பதால் வாய் தேய்வதற்கு முன்பு மடங்குகிறது. தீட்டுகோலில் லேசாக நாலு இழுப்பு இழுத்தால் நிமிர்ந்துவிடும். விஜி-10 அப்படியல்ல, 60-ஐ ஒட்டிய கடினம். அது மடங்காமல் துணுக்குத் துணுக்காக உதிரும். வரியோடிய எஃகுக் கோலை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள்.

அடுக்களை அரசி:
அனைவருக்கும் நன்றி. நான் வெட்டுவது கிரானைட் மேடையில்தான். நாளைக்கே பலகை வாங்கிவிடுகிறேன். யோசித்துப் பார்த்ததில், சுவிஸ் கத்திக்கு மரப்பட்டறை சொன்ன கல்லையே வாங்கிப் பழகலாம், கியூட்டோவுக்கு மட்டும் கருவி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இரண்டு சந்தேகங்கள். கல்லுக்கு எண்ணெயா, தண்ணீரா? கியூட்டோவை எங்கே பிடிப்பது? அதன் முதுகு நுனிக்குப் போகப் போக மெலிந்துகொண்டே போகிறது.

மரப்பட்டறை:
கார்போரண்டம் கல்லுக்கு இரண்டும் ஆகும். ஆனால் ஒருமுறை எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணீரை ஏற்காது. சமையலறை என்பதால் தொடக்கத்திலிருந்தே தண்ணீர் போதும். கல்லின் நடுப்பகுதி நாளடைவில் குழிந்துவிடும். தட்டையான தரை ஓட்டின்மேல் 220 எண் நீர்த்தாளை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து வைத்து, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். குழிந்த கல்லில் யாருடைய கைக்கும் கோணம் நிற்காது, என் கைக்கும்தான்.

முதல் ஆறு மாதம் சுவிஸ் கத்தியைக் கல்லில் தீட்டுங்கள் அக்கா. அதற்குப் பிறகு கியூட்டோவையும் கல்லிலேயே வைக்க உங்களுக்கே ஆசை வரும். கருவியை அதற்குள் வாங்கிவிட வேண்டாம் என்பதுதான் இன்னமும் என் கருத்து.

பாகைமானி:
ஆறு மாதம் அந்தக் கியூட்டோ மொக்கையாகவே கிடக்க வேண்டுமா? வாங்குங்கள் அக்கா.

பிடிக்கும் முன் இடுக்கி படும் இடத்தில் இருபுறமும் காகித ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். கல் கரைந்த சேறு இடுக்கிக்குள் புகுந்தால் அலகில் கீறல் விழும். முழு நீளத்தையும் ஒரே பிடியில் முடிக்கப் பார்க்காதீர்கள். அடிப்பாதிக்கு ஒருமுறை, நுனிப்பாதிக்கு ஒருமுறை மாட்டுங்கள். நுனிப்பக்கம் அலகு குறுகுவதால், இரண்டு முறையும் முதுகை ஒரே ஆழத்துக்குச் செருகினால் வாய் வேறு வேறு தூரத்தில் நிற்கும், மரப்பட்டறை போட்ட கணக்கின்படி கோணமும் மாறிவிடும். ஆகவே முதுகைப் பார்க்காதீர்கள். இடுக்கியின் முகப்பிலிருந்து வாய்வரையுள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து, இரண்டு முறையும் அதையே வையுங்கள். முதல் பிடியில் முடித்த இடத்தையும் இரண்டு விரற்கடை சேர்த்துத் தேய்த்தால் நடுவில் மேடு நிற்காது. இடுக்கியின் இடத்தை ஒட்டுநாடாவில் பேனாவால் குறித்து, நாடாவை உரிக்கும் முன் அந்த அளவை ஒரு தாளில் எழுதிக் கருவிப் பெட்டிக்குள் போட்டுவையுங்கள்.

மெலிந்த பகுதியை இடுக்கி உறுதியாகப் பிடிக்காவிட்டால் நாடாவை இரண்டு மடிப்பாக ஒட்டிப் பாருங்கள். அதற்கும் ஆடினால் மேற்கொண்டு முறுக்காதீர்கள், அலகு வளைந்துவிடும். எவ்வளவு ஆடுகிறது என்று இங்கே படத்தோடு போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.