'வேரியன்ஸ்': விலகலா, போக்குமாற்றமா?

அனைவருக்கும் வணக்கம்.

நோயாளி தேறுவது சிகிச்சைத் திட்டத்தின் கணக்கிலிருந்து மாறும்போது நர்ஸ்கள் எழுதும் 'வேரியன்ஸ்' (variance) பதிவுக்கு 'விலகல்' என்ற சொல்லே போதும் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். புள்ளியியலில் திட்ட விலக்கம் (standard deviation) படித்தவர்களுக்கு அது பழகிய சொல்தான். ஆனால் வார்டில் அது வேறு மாதிரி கேட்கும்.

1980களின் நடுவில் பாஸ்டனின் நியூ இங்கிலாந்து மெடிக்கல் சென்டரில் கேரன் ஜாண்டர் முதலான நர்ஸ்கள், ஒவ்வொரு சிகிச்சைக்கும் நாள்வாரியாக ஒரு வழித்தடம் வகுத்தார்கள். முழங்கால் மாற்று அறுவை என்றால் எந்த நாளில் வாக்கர் பிடித்து நடக்க வேண்டும், எப்போது ஊசி நின்று மாத்திரை தொடங்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். நோயாளி அந்தக் கணக்குப்படி வராவிட்டால் அதுதான் வேரியன்ஸ். என்ன நடந்தது, ஏன், நாம் என்ன செய்தோம், அதன்பிறகு எப்படி இருக்கிறார் என்று நான்கையும் எழுத வேண்டும்.

காய்ச்சல் வந்ததால் நடக்காமல் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிசியோதெரபிஸ்ட் வராததாலும் இருக்கலாம். அப்புறம், ஒருவர் சொன்ன நாளுக்கு முன்பே தேறி வீட்டுக்குப் போனாலும் அது வேரியன்ஸ்தான்.

இப்போது 'விலகல்' என்று எழுதிப் பாருங்கள். யார் விலகினார்கள் என்ற கேள்வி உடனே வருகிறது. 'பிறழ்வு' இன்னும் மோசம். தன் தவறை ஒப்புக்கொள்வதுபோல் தொனிக்கும் கட்டத்தை யாரும் மனமுவந்து நிரப்ப மாட்டார்கள். காரணத்தை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு வார்டில், தலைசுற்றுகிறது என்று ஓர் அம்மா எழுந்திருக்க மறுத்தார். கேஸ் ஷீட்டில் 'நடைப்பயிற்சி இல்லை' என்று மட்டும் இருந்தது. காரணம் தெரியாமல் அடுத்த டூட்டி நர்ஸ் அவரை எழுப்பி நிறுத்த, அப்படியே சரிந்தார். நல்லவேளை, தாங்கிப் பிடித்துவிட்டோம். 'தலைசுற்றல்' என்ற ஒரு சொல் அங்கே இருந்திருந்தால் முதலில் ரத்த அழுத்தம் பார்த்திருப்பார்கள்.

'தடமாற்றம்' என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் டாக்டரே சிகிச்சையை மாற்றிவிட்டதுபோல் பொருள் தருகிறது.

என் பரிந்துரை 'போக்குமாற்றம்'. 'நோயின் போக்கு' என்று ஏற்கெனவே சொல்கிறோம். 'நேற்று ராத்திரியிலிருந்து போக்கு மாறியிருக்கு' என்று டூட்டி மாறும்போது வாயாலும் சொல்லலாம். நல்லதற்கும் பொருந்தும், கெட்டதற்கும் பொருந்தும், யார் மேலும் பழி விழாது. பிசியோதெரபிஸ்ட் வராதது நோயின் போக்கு ஆகுமா என்று கேட்கலாம். ஆகாது. ஆனால் குணமாகிவரும் போக்கு அதனால் மாறுகிறதே, பதிய வேண்டியது அதைத்தானே?

போக்குவரத்து மாற்றம் என்று காதில் விழலாம் என்பது ஒரு குறை. 'நோயாளி போக்குமாற்றப் பதிவு' என்று முழுசாகத் தலைப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

முன்கூட்டியே தேறுவதை 'முந்துமாற்றம்' எனலாமா? எதிர்ப்பக்கத்துக்குப் 'பின்னடைவு' இருக்கிறது. ஆனால் இரண்டு சொற்களும் ஒரே அமைப்பில் இல்லாதது உறுத்துகிறது. ஐயா, இதற்கு ஏதாவது தோன்றுகிறதா?