மறு: தூண்டில் ஈ கட்டும் ‘வைஸ்’ – ‘முட்கவ்வி’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். தூண்டில் ஈ கட்டும்போது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் ‘வைஸ்’ என்ற கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற என் கேள்விக்கு இத்தனை பேர் அக்கறையோடு பதில் எழுதியதற்கு நன்றி. பற்றுக்குறடு, இடுக்கி, கிட்டி, இறுக்கி, உடும்பு என்ற சொற்கள் வந்திருக்கின்றன. ‘வைஸ்’ என்றே இருக்கட்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் கருவியின் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன். அதனால் மடல் கொஞ்சம் நீளும்.

முன்மடல்களைப் படிக்காதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நுவரெலியாப் பக்கத்து மலை ஓடைகளில் 1880களில் பிரித்தானியர் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். குளிர்ந்த, தெளிந்த ஓடைநீரில் வாழும் அந்த மீன் நீர்ப்பூச்சிகளை விரும்பித் தின்னும். ஆகவே தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் மயிரும் சுற்றி, பூச்சியின் தோற்றத்தைக் கொண்டுவந்து அதைப் பிடிப்பார்கள். அப்படிக் கட்டிய முள்தான் ‘தூண்டில் ஈ’. இது மிகப் பழைய கலை. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோம எழுத்தாளர் ஈலியன், மாசிடோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டைப் பொருத்தி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். பல நூற்றாண்டுகளாக முள்ளை விரல்களுக்கிடையில் பிடித்தபடியே ஈ கட்டினார்கள். அந்தக் கையை விடுவித்து, இரு கைகளையும் வேலைக்குக் கொடுத்தது நாம் பெயர் தேடுகிற இந்தக் கருவி.

தூண்டில் ஈக்களைக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலைகள் இலங்கையிலேயே உண்டு. ஆனால் அந்தத் தொழிலைத் தமிழில் கற்றுக்கொடுக்க ஒரு கையேடு என் கண்ணில் படவில்லை. நானுஓயாவில் தோட்டத்து இளைஞர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். அவர்களுக்காகத்தான் கையேடு எழுதுகிறேன். முதல் அத்தியாயத்தின் முதல் கருவியே பெயரில்லாமல் நிற்கிறது.

இனி உங்கள் மடல்களுக்கு வருகிறேன். ஹட்டன் நண்பர் எழுதியது:

> தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் எல்லோரும் ‘வைஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை ஏன் பிடுங்க வேண்டும்?

பட்டறை வைஸை யாரும் பிடுங்க வேண்டாம். அது அங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. என் வாதம், இது அந்தக் கருவி அன்று என்பதுதான். வகுப்பில் சேர்ந்த ஒரு பையன் கடையில் ‘வைஸ்’ கேட்டு, துளையிடும் இயந்திரத்தின் மேசையில் பூட்டுகிற சிறிய வைஸ் ஒன்றை வாங்கி வந்தான். பதினான்காம் இலக்கச் சிறு முள்ளை அதில் வைத்து இறுக்கினோம். தாடைகள் விரல் அகலத்துக்குத் தட்டையாக இருந்ததால், முள்ளின் வளைவோடு நேரான தண்டின் பாதியும் உள்ளே போய்விட்டது. நூலைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் விரல் இரும்பில் இடித்தது. சில சுற்றுகளிலேயே நூல் தாடையின் விளிம்பில் உரசி அறுந்தது. அந்தக் கருவியில் குற்றமில்லை. இரும்பை அராவுவதற்குச் செய்த ஒன்றில் இறகைக் கட்டப் போனோம், அவ்வளவுதான்.

ஈ கட்டும் கருவியில் தாடைகள் நுனியை நோக்கி ஒடுங்கி, மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும். வளைவின் அடிப்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, முள்ளின் தண்டு முழுவதையும் வெளியே விடும். நூல் தண்டின் மேலும் கீழும் தடையின்றிப் போய்வர வேண்டும் என்பதற்காகவே அந்த வடிவம். பெயர் வேறாக இருந்தால், அந்தப் பையனைப் போல இன்னொருவன் பணத்தை வீணாக்க மாட்டான்.

யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர் ஐயா பற்றுக்குறட்டை முன்மொழிந்தார். சொல் கம்பீரமானது. ஆனால் ஈ கட்டுகிறவரின் மேசையில் உண்மையான குறடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்முள்ளை நசுக்கித் தட்டையாக்குவதற்கு அது வேண்டும். பிடித்த மீனைக் காயமின்றித் திருப்பி விட நினைப்பவர்கள் அப்படி நசுக்குவார்கள். அந்த வேலையை இந்தக் கருவியின் தாடையில் வைத்துச் செய்தால் தாடையின் நுனி சிதைந்துவிடும் என்று கையேட்டில் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ‘குறட்டால் நசுக்குங்கள், பற்றுக்குறட்டால் நசுக்காதீர்கள்’ என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார்.

இடுக்கிக்கும் இதே சிக்கல்தான். சேவல் கழுத்து இறகின் நுனியைப் பிடித்துச் சுற்றுவதற்குச் சிறிய கருவி ஒன்று உண்டு. அதற்கு ‘இறகு இடுக்கி’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. தவிர, நம் பிள்ளைகளுக்கு இடுக்கி என்றதும் பௌதிகவியல் ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானி நினைவுக்கு வருகிறது. அது அளக்கும் கருவி.

கிட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல் தவறான பழக்கத்தைக் கற்பித்துவிடும் என்று உண்மையிலேயே அஞ்சுகிறேன். கிட்டி பழங்காலத்தில் கைவிரல்களை இரு கோல்களுக்கிடையில் வைத்து நெரித்த தண்டனைக் கருவி. ‘இறுக்கி’ அவ்வளவு கொடுமையான சொல் அன்று. ஆனாலும் அதுவும் கையை அதே திசையில்தான் தள்ளுகிறது. புதிதாகக் கற்பவர்கள் செய்யும் முதல் தவறே அளவுக்கு மீறி இறுக்குவது. முள் வழுக்கினால் இன்னும் இறுக்குகிறார்கள். கடினப்படுத்திய உருக்குக் கம்பியால் ஆன முள் அந்த அழுத்தத்தில் வெடிக்கும், அல்லது தாடையில் பள்ளம் விழும். செய்ய வேண்டியது வேறு. தாடைகளுக்கிடையிலான இடைவெளியை முள்ளின் தடிப்புக்கு முதலில் சரிசெய்து, பிறகு தாடையை மூடும் நெம்புபிடியை மிதமாக அழுத்த வேண்டும். சிறிய முள் என்றால் தாடையின் நுனியிலும், பெரிய முள் என்றால் சற்று உள்ளே தள்ளியும் வைக்க வேண்டும். பெரிய முள்ளை நுனியில் வைத்தால் தாடைகள் நாளடைவில் விரிந்து, சிறிய முள்ளைப் பிடிக்காமல் போய்விடும்.

பிடி சரியா என்று பார்க்க, முள்ளின் காது (நூல் கோக்கும் துளை) இருக்கும் நுனியை நகத்தால் கீழே தள்ளிவிடுகிறோம். சரியாகப் பிடித்த முள் வளைந்து நிமிர்ந்து ‘டிங்’ என்று ஒலிக்கும். வழுக்கும் முள் ஒலிக்காமல் சரிந்துவிடும். வகுப்பில் ஒருவர் தள்ள, மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். கருவியைத் தொடாமலே பிடி சரியா தவறா என்று சொல்லக் கற்றுவிட்டார்கள்.

இப்படி இறுக்காமல் உறுதியாகப் பிடிப்பதற்குத் தமிழில் ஒரு வினை இருக்கிறது: கவ்வுதல். பூனை தன் குட்டியைக் கவ்வித் தூக்கிப் போகும். பிடி நழுவுவதில்லை, பல்லும் பதிவதில்லை. ஆகவே என் முன்மொழிவு ‘கவ்வி’. எதைக் கவ்வுவது என்பதையும் சேர்த்தால், முள் + கவ்வி = முட்கவ்வி. பிடிக்கும் இரண்டு பகுதிகளுக்கும் ‘அலகு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் மீற்றரும் கிலோகிராமும் அலகுகள் என்று படித்த பிள்ளைகள் குழம்புவார்கள். தாடை என்றே வைத்துக்கொள்வோம்.

பதுளை ஆசிரியை இதற்கு முன்கூட்டியே ஒரு தடை எழுப்பியிருந்தார்:

> ‘முள்’ என்று தொடங்கினால், காலில் தைத்த முள்ளை எடுக்கும் முள்வாங்கிதான் நினைவுக்கு வரும். ‘தூண்டிற்கவ்வி’ என்றால் என்ன?

வலுவான தடை. அதற்காகவே சில நாட்கள் ‘தூண்டிற்கவ்வி’யை வகுப்பில் பாவித்துப் பார்த்தேன். நம் ஊரில் தூண்டில் என்றால் கோல், நூல், முள் எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். கரையில் கோலை ஊன்றி நிறுத்தும் தாங்கியைத்தான் சொல்கிறேன் என்று இரண்டு பேர் நினைத்துக்கொண்டார்கள். அதுவும் உண்மையில் இருக்கிற ஒரு கருவி என்பதால் குழப்பம் நிலைத்துவிடும். முள்வாங்கியோ ஈ கட்டும் மேசைக்கு வருவதில்லை. ஆகவே கையேட்டில் முதன்முறை ‘தூண்டில் முட்கவ்வி’ என்று விரித்து எழுதி, பிறகு முட்கவ்வி என்று போகலாம். பேச்சில் அது ‘கவ்வி’ என்று குறுகிவிடும். இப்போதே குறுகிவிட்டது. குறுகிய பிறகும் பொருள் மாறாமல் நிற்பதையே ஒரு சொல்லின் தகுதியாகக் கருதுகிறேன்.

உடும்பை முன்மொழிந்த தம்பிக்கு: உடும்புப் பிடி என்ற வழக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் உடும்பு நகத்தால் பற்றுகிறது. இங்கே பிடிப்பது தாடை. கையேட்டின் விளக்கத்தில் அந்த வழக்கை நிச்சயம் எழுதுவேன்.

‘கவ்வி’ நின்றால் வகைகளுக்குப் பெயர் தாமாகவே வருகின்றன. நெம்புபிடியை அழுத்தித் தாடையை மூடுவது நெம்புகவ்வி. திருகாணியைத் திருகி மூடுவது திருகுகவ்வி. மூன்றாவது வகையில் தாடைகள் வில்லின் (ஸ்பிரிங்) விசையால் எப்போதும் மூடியே இருக்கும், கைப்பிடியை அமுக்கினால் திறக்கும். விற்றராசு என்று சொல்லிப் பழகிய நமக்கு ‘விற்கவ்வி’ என்பதில் சிரமம் இருக்காது. முள்ளின் அளவு மாறும்போதெல்லாம் இடைவெளியைத் திருத்தத் தேவையில்லாததால், பல அளவு முட்களில் மாறிமாறிக் கட்டுபவருக்கு விற்கவ்வி வசதி. முதலில் வாங்குபவருக்கு நான் சொல்வது நெம்புகவ்வி. பிடியின் அளவைக் கை தானே உணர்ந்து கற்றுக்கொள்ளும். எந்த வகையானாலும், தாடையின் உருக்கு நல்லதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். மெல்லிய இரும்புத் தாடையில் முள் தடம் பதித்துவிடும், பிறகு எந்த முள்ளும் அதில் நேராக நிற்காது. பத்து முதல் பதினெட்டாம் இலக்கம் வரையான முட்களைப் பிடித்தால் ட்ரவுட்டுக்குப் போதும். இலக்கம் கூடக்கூட முள் சிறியது என்பதைக் கடையில் மறந்துவிடக் கூடாது.

சுழலும் வகையில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. அதற்குள் உண்மையில் இரண்டு கருவிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றில் தாடையைத் திருப்பினால் முள்ளின் மறுபக்கம் தெரியும். இறகு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் திருப்பும்போது முள்ளின் தண்டு மேலும் கீழுமாக ஒரு வட்டம் போடும். மற்றதில் தண்டு சுழற்சி அச்சின் மேலேயே கிடக்கும். ஒரு கையால் சுழற்றினால் முள் நின்ற இடத்திலேயே சுழலும். மறு கையால் இறகைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், அது தண்டின் மேல் சீராகப் படிந்துகொண்டே போகும். விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெயரால் விற்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும்போது, பெயரில் வித்தியாசம் இல்லாவிட்டால் வாங்குபவர்தான் ஏமாறுவார்.

நம் பாடநூல்கள் இதற்கு வழி காட்டுகின்றன. பூமி தன் அச்சில் ‘சுழல்கிறது’, சூரியனைச் ‘சுற்றுகிறது’ என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். தண்டு அச்சிலேயே நிற்பதை மட்டும் ‘சுழல்கவ்வி’ என்போம். மறுபக்கம் பார்க்க மட்டும் உதவுவது ‘திருப்புகவ்வி’. கடையில் சோதிக்கவும் இதுவே வழி: முள்ளைப் பூட்டி, அதன் காதுக்கு நேரே ஒரு பென்சில் நுனியை அசையாமல் பிடித்துக்கொண்டு தாடையைச் சுழற்றுங்கள். முள்ளின் தண்டை அச்சுக்குக் கொண்டுவர முடிந்தால் அது சுழல்கவ்வி. எப்படிச் சரிசெய்தாலும் பென்சிலைவிட்டு விலகிப் போனால் திருப்புகவ்வி. சுழற்றும்போது நூல் தண்டோடு சேர்ந்து சுற்றிக்கொள்ளாமல் இருக்க, பொபினை (நூற்கண்டு மாட்டிய பிடியை) அச்சின் நேரே ஒதுக்கி வைக்கும் கொக்கி ஒன்று இருக்கும். அதற்கு ‘நூல் தாங்கி’.

அடிப்பகுதியில் அதிக விவாதம் வேண்டாம். கனமான அடித்தட்டில் நிற்பது ஒன்று, மேசை விளிம்பில் பூட்டுவது மற்றது. அடித்தட்டு, மேசைப்பிடி என்று எழுதிவிட்டேன். லயத்து வீட்டில் மேசை எங்கே கிடைக்கிறதோ அங்கே வைத்துக் கட்ட அடித்தட்டே நல்லது. மேசைப்பிடி வாங்குபவர்கள் பலகையின் தடிப்பை அளந்துகொண்டு போக வேண்டும். நம் பனிமூட்டத்தில் தாடைகள் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து ஒரு துளி எண்ணெய் தடவுவதையும் கையேட்டில் சேர்த்திருக்கிறேன்.

‘ஈ கட்டுதல்’ என்பதை ‘ஈ பின்னுதல்’ என்று மாற்றச் சொன்னவருக்கும் ஒரு வரி. கோயிலுக்குப் பூக் கட்டிப் பழகிய பெண்கள் என் வகுப்பில் மற்றவர்களைவிட வேகமாகக் கற்றார்கள், ஏனென்றால் நூலின் இழுவை அவர்கள் விரலில் ஏற்கெனவே இருந்தது. இந்த வேலையில் பின்னல் கிடையாது. சுற்றும் முடிச்சும்தான். கட்டுதலே சரி.

தீராமல் நிற்பது ஒன்றுதான். சுழல்கவ்வியில் முள்ளின் அளவு மாறும்போது, தண்டை மீண்டும் அச்சுக்குக் கொண்டுவரத் தாடையை மேலும் கீழும் நகர்த்தும் சிறு திருகு ஒன்று உண்டு. ‘மையத்திருகு’ என்று எழுதியிருக்கிறேன். மையம் என்பது வட்டத்தின் நடுவைக் குறிப்பதால் ‘அச்சுத்திருகு’ பொருந்துமோ என்றும் யோசிக்கிறேன். ஆனால் அச்சு என்றால் அச்சகமும் நினைவுக்கு வரலாம். பட்டறையில் வேலை செய்தவர்கள் இதற்கு ஏதாவது சொல் வைத்திருந்தால் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.

அன்புடன்,
நானுஓயாவிலிருந்து