கூரையில் சோலார், கீழே ஆக்சிஜன் மெஷின்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நீங்கள் பார்த்தது என்ன?

மலையடிவார நர்ஸ்

தேன்கனிக்கோட்டைக்கும் அந்தப் பக்கம், காட்டை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். முந்தின ராத்திரி கோடைமழைக் காற்றில் எங்கேயோ மரம் லைன் மேல் சாய்ந்து, காலையிலிருந்தே கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. நிமோனியாவோடு எட்டு மாதக் குழந்தை ஒன்று வந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா உள்ளே போகிறது. சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 84 சதவீதம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷினில் போட்டு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வைத்ததும் 94க்கு ஏறியது. அம்மாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

உச்சி வெயில் நேரத்தில் மறுபடியும் கரண்ட் போனது. மெஷின் கத்த ஆரம்பித்துவிட்டது. இருந்த யூபிஎஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். 92, 90, 87 என்று இறங்குகிறது. நான் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள்: "மேலே அத்தனை பேனல் போட்டிருக்கீங்களே அக்கா, வெயிலும் இப்படி அடிக்குதே, அதுல இது ஓடாதா?"

சிலிண்டரில் சமாளித்து 108இல் அனுப்பினோம். குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கட்டடத்தில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. இதே மாதிரி பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

பாலக்கோடு சோலார்

சகோதரி, அந்த அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. பதிலை நான் சொல்கிறேன், எனக்கு இதுதான் தொழில்.

உங்கள் கூரையில் இருந்தது கிரிட்டோடு, அதாவது வெளி மின் லைனோடு இணைத்த சோலாராகத்தான் இருக்கும். பில் குறைவதற்காகப் போடுவது. வெளியே லைனில் கரண்ட் இருந்தால்தான் அந்த இன்வெர்ட்டர் வேலை செய்யும். லைன் செத்ததும் தானாக நின்றுவிடும். அது பழுது கிடையாது, அப்படித்தான் செய்யவேண்டும் என்று விதி. இல்லையென்றால் லைன் செத்துவிட்டது என்று நம்பி கம்பத்தில் ஏறும் வயர்மேன் மேல் உங்கள் கூரை கரண்ட் பாயும். ஆஸ்பத்திரிக்கு வேண்டியது பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர். பேனல் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறோம்.

கணக்கையும் எழுதிவிடுகிறேன். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷின் ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.4 யூனிட். நம் பக்கத்து வெயிலுக்கு 2.5 கிலோவாட் பேனல் போதும் என்பார்கள், நான் 3 போடச் சொல்வேன். வெயில் இல்லாத 14 மணி நேரத்துக்கு 5 யூனிட் பேட்டரியிலிருந்து வரவேண்டும். 12 வோல்ட், 150 ஏஎச் டியூப்ளர் பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கும் என்றாலும் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும். ஆக, ஆறு பேட்டரி. ஐப்பசியில் விடாமல் மூடிக்கொண்டிருக்கிற நாட்களுக்கு அதுவும் போதாது. லிதியம் விலை கூடுதல், ஆனால் முக்கால் பாகத்துக்கு மேலும் எடுக்கலாம், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. பட்ஜெட்டில் முதலில் வெட்டுவது பேட்டரியைத்தான். அதை வெட்டினால் மிச்சம் இருப்பது பில் குறைக்கும் சோலார், ஆக்சிஜன் சோலார் இல்லை.

என் அனுபவம் சின்னதுதான். பென்னாகரம் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் ஆக்சிஜனுக்கென்று தனி லைன் இழுத்துக் கொடுத்திருந்தேன். ராத்திரியில் பேட்டரி தீர்ந்துவிடுகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அந்த பிளக்கில் வெந்நீர் கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கிறது. 1500 வாட். பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு வெந்நீர் வைத்திருந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து நான் போடும் இடத்திலெல்லாம் அந்த சாக்கெட்டுக்கு சிவப்புப் பெயின்ட் அடித்து, வேறு பிளக் நுழையாத மாதிரி மாற்றிவிடுகிறேன்.

108 டிரைவர், அஞ்செட்டி ரோடு

சோலார், பேட்டரி எல்லாம் சரி. நான் சிலிண்டர் கட்சி. வண்டியில் வேறு எது நிற்கும்?

ஒரு ராத்திரி மூச்சுத் திணறலோடு ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு காட்டு ரோட்டில் வருகிறேன். வளைவில் ஒற்றை யானை. ஹாரன் அடிக்கக் கூடாது, லைட்டை அணைத்துவிட்டு நிற்கவேண்டியதுதான். பின்னால் பெரியவரின் மகன் எதுவும் பேசாமல் கேஜ் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பி டைப் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 5 மணி நேரம். மாஸ்க் போட்டு 10 வைத்தால் பாதி நேரம்தான். எங்களுக்கு 8 ஓடிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் தம்பி சாச்சுரேஷனைப் பார்த்துப் பார்த்து 6க்குக் குறைத்தான், யானை போகிறவரை விரலை அந்தத் திருகிலிருந்து எடுக்கவே இல்லை. முள் சிவப்பைத் தொடும்போதுதான் ரோடு காலியானது.

மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். சிலிண்டருக்கு ஒன்றும் வேண்டாம். அதை மறக்காதீர்கள்.

சித்தேரி பேரன்

ஒன்றும் வேண்டாமா? டிரைவர் அண்ணா, சாவி வேண்டும்.

எங்கள் சிற்றூருக்கு ரோடு இல்லை. பாட்டியை மூங்கிலில் போர்வை கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கீழே கிளினிக்கில் கருப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, சிலிண்டர் முழுசாக நிற்கிறது. திறக்கிற ஸ்பேனரைக் காணோம். ஆள் ஆளுக்கு மேஜை டிராயரை இழுத்துப் பார்க்கிறார்கள். கடைசியில் எதிரில் இருந்த சைக்கிள் கடைக்காரர் அவருடைய ஸ்பேனரைக் கொண்டுவந்து திறந்தார். சுவரில் இன்னொரு சிலிண்டர் சங்கிலியில் இருந்தது. அது காலி, நிரப்பிக்கொண்டு வரச் சேலத்துக்கு வண்டி போகவேண்டும் என்றார்கள்.

பாட்டி அந்தத் தடவை எழுந்து உட்கார்ந்தார். சைக்கிள் கடைக்காரர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்ததுதான் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஓசூர் பயோமெடிக்கல்

தம்பி, நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. ஆக்சிஜன் வால்வில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது, அழுத்தத்தில் தீப்பிடிக்கும். ஸ்பேனரைச் சங்கிலி போட்டு சிலிண்டரோடு கட்டிவைக்கச் சொல்லுங்கள்.

நான் எழுத வந்தது வேறு. மெஷின் ஓடுகிறது என்பதாலேயே ஆக்சிஜன் வருகிறது என்று நினைக்காதீர்கள். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். கான்சன்ட்ரேட்டருக்குள் இரண்டு டப்பாவில் ஜியோலைட் என்ற மணி மணியான கல் இருக்கும். கம்ப்ரசர் காற்றை அழுத்தி ஒரு டப்பாவுக்குள் தள்ளும்போது நைட்ரஜன் அந்தக் கல்லில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். அழுத்தத்தை விட்டால் கல் நைட்ரஜனை உதறிவிடும். அதற்குள் அடுத்த டப்பா வேலை செய்யும். நல்ல மெஷினில் 90க்கு மேல் சுத்தம் வரும். 82க்குக் கீழே போனால் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி அலாரம் அடிக்கவேண்டும். பல மெஷின்களில் அந்த அலாரம் நான் போகும்போது செத்துக் கிடக்கிறது.

கிரானைட் குவாரிக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக். ஃப்ளோமீட்டரில் பந்து 5இல் அழகாக நிற்கிறது. நோயாளி மூக்கில் குழாய், பக்கத்தில் மகள் விசிறிக்கொண்டிருக்கிறாள். ஆக்சிஜன் சுத்தத்தை அளக்கும் என் அனலைசரை வைத்தேன், 60 சதவீதச் சொச்சம் காட்டியது. பின்பக்க ஸ்பாஞ்சைக் கழற்றினால், கேழ்வரகுத் தவிடு அடைத்த சல்லடை மாதிரி கல்தூசு ஏறியிருக்கிறது. பந்து காட்டுவது ஓட்டத்தை மட்டும்தான், சுத்தத்தை இல்லை. அந்த மகளுக்கு இது எப்படித் தெரியும்? நர்ஸுக்கே யாரும் சொல்லித் தரவில்லை.

வாரம் ஒருமுறை ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் ஜியோலைட் கெட்டுவிடும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நம் பக்கம் வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரசர் திணறும், ஸ்டெபிலைசர் கட்டாயம். இந்த விஷயத்தில் பேட்டரியும் நல்ல இன்வெர்ட்டரும் உள்ள சோலார் லைன், கம்பத்திலிருந்து வரும் கரண்டைவிட மெஷினுக்கு நல்லது.

ஓய்வு பெற்ற டாக்டர், அரூர்

டிரைவர் தம்பிக்கு: வண்டிக்கு சிலிண்டர், நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் பேசுவது குழந்தை இரண்டு மூன்று நாள் படுத்திருக்கும் இடத்தைப் பற்றி. நிமோனியா குழந்தைக்கு ஆக்சிஜன் ஐந்து மணி நேரத்தோடு முடிகிற சங்கதி இல்லை.

உகாண்டாவில் ஜின்ஜா என்ற ஊரில் பத்து வருடத்துக்கு முன்பே சோலாரில் கான்சன்ட்ரேட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக டாக்டர்களும் உகாண்டா டாக்டர்களும் சேர்ந்து செய்தது. முதலில் சிலிண்டருக்கு இது சளைத்ததில்லை என்று காட்டினார்கள். அப்புறம் 20 மருத்துவமனைகளில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, ஐந்து வயதுக்குட்பட்ட, சாச்சுரேஷன் குறைந்த குழந்தைகளைக் கவனித்தார்கள். 48 மணி நேரத்துக்குள் ஏற்படும் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. சோமாலியாவில் துசமரெப் ஊரின் ஹனானோ மருத்துவமனையிலும் 2021இல் பொருத்தினார்கள். அங்கெல்லாம் கம்பமே போகாத, போனாலும் நம்ப முடியாத இடங்கள். நமக்குக் கம்பம் இருக்கிறது என்பதாலேயே பேட்டரியைப் பற்றி யோசிக்காமல் விட்டுவிடுகிறோம் என்பது என் அபிப்பிராயம்.

நான் பார்த்தது ஒரு ஸ்டோர் ரூம். 2021 கொரோனா இரண்டாம் அலையில் வந்த கான்சன்ட்ரேட்டர்கள் பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குப் பின்னால் அட்டைப்பெட்டி பிரிக்காமல் அடுக்கியிருந்தன. அந்த அறைக்கு அடுத்த வார்டிலிருந்து இருமல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பொறுப்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "போட்டா ஃபியூஸ் போகுது டாக்டர், அதான் எடுத்து வெச்சுட்டோம்" என்றாள்.

மெஷினுக்கு முன்னால் எல்லா இடத்திலும் நல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் வேண்டும், குழந்தை விரலுக்கான புரோபோடு. சாச்சுரேஷன் 90க்குக் கீழே இருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கே முடிந்ததில்லை. கை குளிர்ந்திருந்தால், மருதாணி இருந்தால் தப்பாகக் காட்டும், தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஊத்தங்கரை அக்கா

எல்லாரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வீட்டுக்காரரைத் தரையில் படுத்திருந்தபோது கட்டுவிரியன் கடித்தது. விடிகாலையில் கண் இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. விஷமுறிவு ஊசி போட்டார்கள். ஆனாலும் மூச்சுவிடவே அவருக்குப் பலம் இல்லை. வெறும் ஆக்சிஜன் வைத்து என்ன செய்ய? ஒரு நர்ஸ் பெண், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேகை அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸில் கூட வந்தாள். கை மாற்றிக் கை மாற்றி அழுத்தினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் போட்டுப் பிழைத்தார். சோலார் போடுங்கள், கூடவே அந்தப் பையை அழுத்தத் தெரிந்த ஆளையும் ராத்திரியில் வையுங்கள்.

மலையடிவார நர்ஸ்

அக்கா, ஆம்பு பேக் பயிற்சி எங்களுக்குத் தந்தார்கள். ஆனால் ராத்திரி டியூட்டிக்கு ஒருவர்தான். பேகை அழுத்தினால் 108ஐக் கூப்பிட ஆள் இல்லை.

வத்தல்மலைக்காரி

அக்டோபர் 2 கிராம சபையில் துணை சுகாதார நிலையத்துக்கு சோலார் வேண்டும் என்று எழுதப் போனார்கள். இங்கே படித்த ஞாபகத்தில் எழுந்து, "பேட்டரியோடு, ஆக்சிஜன் மெஷினுக்கும் பிரசவ அறைக்கும் தனி லைனோடு" என்று சேர்க்கச் சொன்னேன். செயலர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினார். மகளிர் குழுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

பாலக்கோடு சோலார்

நல்ல வேலை செய்தீர்கள். எஸ்டிமேட் போட ஆள் வரும்போது இரண்டு விஷயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: கரண்ட் போனபின் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை எழுத்தில், ஐந்து வருடம் கழித்துப் பேட்டரி மாற்றுவது யார் செலவு என்பதையும் எழுத்தில். வேலை முடித்து ஒப்படைக்கும் அன்று உங்கள் கையாலேயே மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். மெஷின் நிற்காமல் ஓடினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.