காம்பு நுனியில் ஈட்டியோடு ஒரு புனிதர்: இந்த ஸ்பூன் எந்தக் காலத்தது?

காக்ஸ்டவுன்_அம்மா:
பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி பெர்த்துக்குக் குடிபோறப்ப என் பொண்ணுக்கு ஆறு டீஸ்பூன் கொடுத்துட்டுப் போனாங்க. ஒவ்வொண்ணோட காம்பு நுனியிலும் ஒரு குட்டி உருவம். ஒருத்தர் கையில சாவி, இன்னொருத்தர் கையில ஈட்டி. ஐநூறு வருஷப் பழசுன்னு வீட்ல சொல்றாங்க. நிஜமா?

அல்சூர்_ரவி:
நகரத்பேட்டையில ஒரு வெள்ளிக் கடையில கொடுங்க, உரசிப் பார்த்துச் சொல்லிடுவாங்க.

பழைய_வெள்ளி:
தயவுசெஞ்சு உரச விடாதீங்க, தேய்ஞ்சது திரும்ப வராது. காம்புக்குப் பின்னாடி முத்திரை இருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க.

இது அப்போஸ்தலர் ஸ்பூன், அதாவது இயேசுவோட முக்கியச் சீடர்கள் உருவம் வச்சது. 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல ஞானஸ்நானத்துக்கு ஞானப் பெற்றோர் செய்யற சீர். வசதியிருந்தா பன்னிரண்டு அப்போஸ்தலரும் கர்த்தரும் சேர்த்துப் பதிமூணு, இல்லாதவங்க ஒண்ணே ஒண்ணு. லண்டன்ல 1536-37ல செஞ்ச ஒரு செட் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு; அதுல பதிமூணாவது மாதா.

முகத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது, கையில இருக்கிறதுதான் ஆளைக் காட்டும். சாவின்னா பேதுரு. பெருக்கல் குறி மாதிரி சிலுவைன்னா அந்திரேயா. கிண்ணம் யோவானுக்கு. பர்த்தலமேயுவுக்கு அவரோட தோலை உரிச்ச கத்தி. ஈட்டி பெரும்பாலும் நம்ம பரங்கிமலைத் தோமையார். தன்னைக் கொன்ன ஆயுதத்தையே பிடிச்சுக்கிட்டு, பச்சைக் குழந்தைக்கு வர்ற சீர்ல நிக்கிறாங்க பாருங்க! எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் சிலிர்க்கும்.

அந்தக் காலத்து ஸ்பூன் ஏழு அங்குலம் வரும். அத்திப்பழ வடிவக் குழி, ஆறு பட்டைக் காம்பு. லண்டன் வேலைன்னா குழிக்கு உள்ளேயே, காம்பை ஒட்டி, சிறுத்தை முகம் அடிச்சிருக்கும். டீஸ்பூன் அளவுன்னா பின்னாடி வந்த நகல்தான்.

காக்ஸ்டவுன்_அம்மா:
பார்த்தேன். நடக்கிற சிங்கம், நங்கூரம், ஒரு எழுத்து, செஞ்சவங்க இனிஷியல். கறுத்துப் போயிருக்கு, புளி போட்டுத் தேய்க்கலாமா?

பழைய_வெள்ளி:
சிங்கம்னா ஸ்டெர்லிங், அசல் வெள்ளி. நங்கூரம் பர்மிங்ஹாமோடது, அங்க முத்திரை போட ஆரம்பிச்சதே 1773லதான். 1784லேர்ந்து 1890 வரைக்கும் வரி கட்டினதுக்கு ராஜா இல்ல ராணி தலையும் அடிப்பாங்க. உங்களுதுல அது இல்லேன்னா பெரும்பாலும் 1890க்குப் பிறகு. அந்த எழுத்துதான் வருஷம். எழுத்தும் அதைச் சுத்தியிருக்கிற கட்டமும் தெளிவாத் தெரியற மாதிரி போட்டோ போடுங்க, சொல்றேன்.

புளி, விபூதி எதுவும் வேண்டாம், மூக்கு முழி மழுங்கிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணி போதும்.