ஸ்கிரிப்டில் இஃப் கண்டிஷன் தப்பாகப் போன அனுபவம்: எழுதுங்க

லூப்பேக்0:
நெட்மிகோ (நெட்வொர்க் கருவிகளில் கமாண்ட் ஓட்டும் பைத்தான் லைப்ரரி) ஸ்கிரிப்ட், சிஸ்கோ ரௌட்டர். பிஜிபி (ரௌட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதைகளை அறிவிக்கும் முறை) நிலையைக் காட்டும் ஷோ ஐபி பிஜிபி சம்மரி எடுத்து, கடைசி நெடுவரிசையில் "ஆக்டிவ்" இருந்தால் நெய்பர் (எதிர்முனை ரௌட்டர்) நலம் என்று கண்டிஷன். ரிப்போர்ட் அப்படியே தலைகீழாக வந்தது. விழுந்து கிடந்த நெய்பர் பச்சையில், ஒழுங்காக ஓடியது சிவப்பில்!

பிஜிபியில் ஆக்டிவ் என்றால் செஷன் இன்னும் ஏறவில்லை, டிசிபி இணைப்புக்கு முயன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். ஏறிவிட்டால் அந்த இடத்தில் வார்த்தையே இருக்காது, பெற்ற ப்ரீஃபிக்ஸ் (நெட்வொர்க் முகவரித் தொகுதி) எண்ணிக்கைதான் இருக்கும். அதனால் அது எண்ணா என்று மட்டும் பாருங்கள். எண்ணாக மாற்றிவிட்டு (எண் இல்லையென்றால் நன், அதாவது பைத்தானின் காலி மதிப்பு) வெறுமனே "இஃப் ப்ரீஃபிக்ஸ்" என்று எழுதினாலும் மாட்டிக்கொள்வீர்கள். செஷன் ஏறி, எதிர்முனை ஒன்றும் அறிவிக்காவிட்டால் 0 வரும். பைத்தானுக்கு 0 என்றால் ஃபால்ஸ். "இஸ் நாட் நன்" என்று எழுதுங்கள்.

ராக்47:
அன்சிபிள்ல (கருவிகளுக்குத் தானா கான்ஃபிக் அனுப்பற டூல்) இன்னொண்ணு. ரன் பண்ணும்போது மைனஸ் ஈ (வெளியிலிருந்து வேரியபிள் குடுக்கற ஆப்ஷன்) போட்டு புஷ்=ஃபால்ஸ் குடுத்தாச்சு. டாஸ்க்ல வென்: புஷ், அதாவது புஷ் ட்ரூவா இருந்தா மட்டும் ஓடணும். டீபக் வரில ஃபால்ஸ்னு அழகா காட்டுது, அதுக்கு அடுத்த வரியிலேயே மஞ்சள்ல சேஞ்ச்டு! கான்ஃபிக் உள்ள போயிடுச்சு.

இப்படி சமக்குறி போட்டுக் குடுக்கற எதுவும் ஸ்ட்ரிங்தான். காலியா இல்லாத ஸ்ட்ரிங் ட்ரூ. வேரியபிள் என்ன டைப்னு காட்டற டைப்_டீபக் ஃபில்டர் போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும். "பைப் பூல்" (ட்ரூ/ஃபால்ஸா மாத்தற ஃபில்டர்) சேர்த்தா தீர்ந்துது. அன்சிபிள்-கோர் 2.19ல இருந்து இந்த மாதிரி வென் எரர் அடிச்சு நின்னுடும், அது ரொம்ப நல்லது.

ட்ரங்க்போர்ட்:
பூல் போட்டால் தீர்ந்தது என்பதை ஏற்க மாட்டேன், ராக்47. வென் இருக்கிற ஒவ்வொரு டாஸ்க்கிலும் மறக்காமல் போட வேண்டும்; ஒன்றில் விட்டாலும் கதை அதேதான். மைனஸ் ஈ மதிப்பை ஜேசனாகக் கொடுங்கள், ஃபால்ஸ் ஃபால்ஸாகவே உள்ளே வரும்.

என் பங்குக்கு: ஜிஐ1/0/1 போர்ட்டை மட்டும் ஷட் செய்ய வேண்டும். "இஃப் போர்ட் இன் லைன்" என்று கண்டிஷன். 10 முதல் 19 வரை எல்லா வரியிலும் ஜிஐ1/0/1 இருக்கிறதே! ஒன்றுக்குப் பதில் 11 போர்ட் ஷட்.

ரீஜெக்ஸில் வேர்ட் பௌண்டரி (சொல்லின் எல்லைக் குறி) போதும் என்பார்கள். போதாது, 1/0/1.100 போன்ற சப்இன்டர்ஃபேஸ் (ஒரே போர்ட்டின் உட்பிரிவு) அதிலும் சிக்கும், புள்ளியும் எல்லைதான். வரியை ஸ்ப்ளிட் செய்து முதல் சொல்லை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கண்டிஷனை நேரடி டிவைஸில் சோதிக்காதீர்கள். ஷோ அவுட்புட்டை அப்படியே ஃபைலில் சேமியுங்கள்: போர்ட் அப், டௌன், அட்மின் டௌன், பிறகு லைன் அப் ஆகி ப்ரோட்டோகால் டௌன் ஆனது. இந்த நான்காவதை யாரும் எடுப்பதில்லை. அந்த வரியிலும் "அப்" இருப்பதால் "அப் இன் லைன்" ட்ரூ தரும். முடிவெடுக்கும் பகுதியைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து, நான்கு ஃபைலையும் பைடெஸ்ட் என்ற சோதனை டூலில் ஓட்டுங்கள். வெர்ஷன் ஒப்பீட்டுக்கும் ஒரு சோதனை எழுதுங்கள்: ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டால் 15.10, 15.2-ஐ விடச் சின்னது. அன்சிபிளில் அதற்கென்றே "இஸ் வெர்ஷன்" இருக்கிறது.

நைட்ஷிப்ட்:
ஃபைல்ல டெஸ்ட் பண்ணி என் கேஸ் சிக்கியிருக்காது, ட்ரங்க்போர்ட். அன்சிபிள்ல பேக்கப் டாஸ்க் ரிசல்ட்டை பேக்கப்ங்கற வேரியபிள்ல ரெஜிஸ்டர் பண்ணி, அடுத்த டாஸ்க்ல வென்: பேக்கப் இஸ் டிஃபைன்டு. பேக்கப் ஸ்கிப் ஆச்சு, ஆனா கான்ஃபிக் போச்சு. ஸ்கிப் ஆன டாஸ்க்கும் வேரியபிளை உருவாக்கும், உள்ள ஸ்கிப்ட் ட்ரூனு இருக்கும். "இஸ் நாட் ஸ்கிப்ட்" போட்டதும் சரியாச்சு.