மறையூர் முனியறை: அப்பாவை நடத்திக் கூட்டிப்போக முடியுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு மூன்று வருடம் கேரளாவில் இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர். டிவியில் எங்கேயாவது பாறை தெரிந்தால் போதும், "மறையூர்ல பாறை மேல கல்லுவீடு இருக்கும்டா, சுத்தியும் குத்துக்கல்லு, மேல ஒரு மூடி" என்று முனியறையைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். போன மே மாதம் ஒருவழியாகக் கூட்டிப்போனேன். ஒரே சொதப்பல். மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் ஒரு ஜீப்காரர் எங்களை ஏதோ வளைவில் இறக்கிவிட்டு, சரிந்து கிடந்த இரண்டு கல்லைக் காட்டி, "அவ்வளவுதான் சார், எல்லாம் விழுந்துபோச்சு" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டார். அப்பா திரும்பி வரும்வரை பேசவே இல்லை.

மறுபடியும் போகலாம் என்றிருக்கிறேன். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பாறைக்கு அனுமதி ஏதும் வேண்டுமா? சின்னார்க் காட்டுக்குள்ளும் இதே மாதிரி கற்கள் இருக்கின்றன என்கிறார்களே, அவர் வயதுக்கு அந்த நடை ஒத்துவருமா? முட்டிவலி உண்டு, சர்க்கரை இல்லை.

பாம்பாறு:

தம்பி, நான் மறையூரை ஒட்டிய கோவில்கடவுதான். உங்களை இறக்கிவிட்ட இடம் எது என்று ஊகிக்க முடிகிறது, விடுங்கள்.

கோவில்கடவில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஏறுகிற மொட்டைப்பாறைதான் உங்கள் அப்பா சொல்லும் இடமாக இருக்கும். ஊரை ஒட்டியே இருப்பதால் ஜனங்கள் நடந்து போய் வருகிற பாறைதான், ஆனாலும் கீழே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஏறுங்கள். காலை எட்டு மணிக்குள் மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல் ஏற வேண்டும். நடுவில் போனால் பாறை தோசைக்கல்தான், மேலே நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. மழை பெய்த மறுநாள் வேண்டாம், பாறையில் தண்ணீர் வழிந்த கறுப்புத் தடம் மேல் கால் வைத்தால் ஆள் நேராகக் கீழேதான். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான், இறங்கும்போதுதான் முட்டி பேசும், அதனால் கையில் ஒரு கம்பு இருக்கட்டும். மேலே போய்விட்டால் கீழே பாம்பாறு, கரும்புத் தோட்டம், தென்காசிநாதர் கோயில் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். அவர் கரும்பு வெட்டின காடு எது என்று அவரே காட்டுவார் பாருங்கள்.

சின்னார் வேறு கணக்கு. அது 1984-இல் சரணாலயம் ஆன காடு, தொண்ணூறு சதுர கிலோமீட்டர், இஷ்டத்துக்கு உள்ளே நுழைய முடியாது. வனத்துறையில் பணம் கட்டினால் ஆலம்பெட்டிப் பக்கம் இருந்து ஆள் துணையோடு கூட்டிப்போவார்கள், முனியறை மாதிரியான கல்திட்டையும் பாறை ஓவியமும் பார்க்கலாம். கூட வருபவர்கள் பெரும்பாலும் அங்கேயே குடியிருக்கும் முதுவர், மலைப்புலையர் ஆட்கள். போன வருடம் என் மச்சானோடு போனபோது கூட வந்த பெரியவர் திடீரென்று நின்று மூக்கை உறிஞ்சினார். எங்களுக்குத் தைலப்புல் வாசம் மட்டும்தான் வந்தது. அவர் கையால் பின்னுக்குப் போகச் சொன்னார், பத்து நிமிடம் புதரோடு புதராக உட்கார்ந்திருந்தோம். அப்புறம்தான் யானை தெரிந்தது. முட்டிவலிக்காரரை வைத்துக்கொண்டு அந்தப் பத்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். என் கருத்து, அப்பாவுக்கு ஊர்ப்பாறை போதும், காட்டுக்கு நீங்கள் தனியாக ஒருநாள் வாருங்கள்.

கல்லுளி:

ஒரு சின்னத் திருத்தம். குத்துக்கல் என்றால் தனியாக நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக்கல், நெடுங்கல் என்று புத்தகத்தில் போடுவார்கள். மலையாளத்தில் புலச்சிக்கல்லு. "குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கான்" என்று நாம் திட்டுவதும் அதை வைத்துத்தான். மறையூரில் இருப்பது கல்திட்டை. நாலு பலகையைக் குத்தவைத்து மேலே மூடி போட்டது. நெடுங்கல்தான் வேண்டும் என்றால் ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரைக் கொடுமணலில் நல்ல உயரமானது நிற்கிறது, அங்கே காடு ஏறவும் வேண்டாம்.

நான் கல் வேலைக்காரன், இருபத்திரண்டு வருடமாக. முனியறையை முதலில் பார்த்தபோது எனக்குச் சாமியும் தோன்றவில்லை, சரித்திரமும் தோன்றவில்லை, இந்தப் பாளத்தை எப்படி எடுத்தான் என்றுதான் தோன்றியது. அந்தப் பாறையே வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரியும் சாதி. தீ மூட்டித் தண்ணீர் ஊற்றினால் கல்லுக்குள் வரி ஓடுகிற பக்கம் பிளந்து விட்டுக்கொடுக்கும், எங்கள் தாத்தா காலம்வரை இதுதான் வழக்கம். அப்புறம் இன்னொன்று. மண் இருந்தால் குழி தோண்டிக் கல்லை ஊன்றலாம், மொட்டைப்பாறையில் எங்கே ஊன்றுவது? ஒரு பலகை இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்கிறது, மூடியின் பாரம் நாலையும் அமுக்கிப் பிடிக்கிறது, அடியில் சுற்றிலும் போட்ட சில்லறைக் கல்தான் பலகை வழுக்காமல் தடுக்கிற ஆப்பு. அந்தச் சில்லறைக் கல்லை யாரும் மதிப்பதில்லை. உட்கார, எறிய, அடுப்புக் கூட்ட என்று எடுத்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் ஆப்பு போனால் அந்தப் பலகை நழுவும், மூடி ஒருச்சாய்ந்து விழும், கதை முடிந்தது. இடி விழுந்தது, பூமி அதிர்ந்தது என்று சொல்வதெல்லாம் அப்புறம்.

சுமதி_உடுமலை:

கல்லுளி அண்ணா சொன்னதை எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அழைத்துப்போனால் முதல் வேலையாக உள்ளே புகுந்து போட்டோ எடுக்கத்தான் பார்க்கிறார்கள். பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிய வீடு என்று அங்கே ஒருவர் சொன்னார். ஒரு பொடியன் உடனே "டீச்சர், பீமன் இதுக்குள்ள எப்படி டீச்சர் படுத்தான்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. உள்ளே குனிந்துதான் போக முடியும். இரும்புக்கால மனிதர்கள் செத்தவர்களுக்காகக் கட்டியது என்று சொன்னதும் உள்ளே நின்றவன் பாய்ந்து வெளியே வந்துவிட்டான், அன்றைக்கு எனக்கு அதுதான் பாடம் நடத்திய திருப்தி.

உடுமலை வழியாக வந்தால் ஒன்பதாறு சோதனைச்சாவடி தாண்டியதும் காடுதான், பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவராதீர்கள், இருட்டில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டவும் வேண்டாம். மறையூர் மழை மறைவுப் பகுதி, சின்னாரில் ஆண்டுக்கு 500 மி.மீ. அளவுதான் பெய்யும், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். அதனால் தை, மாசியில் போங்கள். பாம்பாற்றங்கரை மரங்களில் சாம்பல் நிற அணில் இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். வரும்போது ஆலையில் மறையூர் உருண்டை வெல்லம் சூடாக வாங்குங்கள், 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரில் வேறு வெல்லமும் விற்கிறார்கள், உருட்டும் இடத்திலேயே வாங்குவது நல்லது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பிடும்போது இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். குத்துக்கல் திருத்தத்துக்குச் சிரித்தார். பீமனுக்கும் சிரித்தார். சில்லறைக் கல் பற்றிப் படித்ததும் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், ஒருநாள் மழைக்கு நாலு பேர் ஒரு முனியறைக்குள் ஒதுங்கினார்களாம், கஞ்சி காய்ச்ச அடுப்புக்கு மூன்று கல் வேண்டியிருந்ததாம். "அடியில கிடந்ததத்தான்டா உருவினோம்."

கல்லுளி அண்ணா, அந்த இடத்தை அவரால் அடையாளம் காட்ட முடியும் என்கிறார், மூடியில் ஒரு மூலை உடைந்திருக்குமாம். இன்னும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தை பிறக்கும்வரை பொறுக்க மாட்டார் போலிருக்கிறது.

பாம்பாறு:

மூலை உடைந்த மூடி ஒன்று மேல்பக்கம் இருக்கிறது தம்பி. நிற்கிறது. அதுதானா என்று அவர் வந்து சொல்லட்டும். முதல்நாள் சாயங்காலமே வந்து தங்குங்கள், விடிந்ததும் ஏறிவிடலாம், கம்பு நான் வெட்டி வைக்கிறேன்.